கிரீன்வாஷிங்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மன்னார்குடி, செவ்வாய் இரவு

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம். பன்னாட்டு நிறுவனங்களும் பருவநிலை மாற்றமும் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடக்குறிப்பு தயாராகிறது. வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும். கிரீன்வாஷிங், அதாவது சூழலைக் காப்பதாக நிறுவனங்கள் பொய்யாகக் காட்டிக்கொள்வது, என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். ‘துவாலையைத் தினமும் துவைக்கப் போடாதீர்கள், இயற்கையைக் காப்போம்’ என்று விடுதிகள் அட்டை வைத்ததைக் கிண்டல் செய்தவர். மிச்சமானது விடுதியின் சலவைச் செலவுதான். பழைய குறிப்பில் ‘பச்சைக்கழுவல்’ என்று இருக்கிறது. ஒரு மாணவி, கீரை கழுவுறதா சார் என்றாள்.

அட்டைக்குப் பச்சைப்பசேல் என்று ஒரு வயல் படமும் வேண்டும்.

கும்பகோணம்

கழுவல் வேண்டவே வேண்டாம். கழுவினால் சாயம் போகும். இங்கே சாயம் ஏறுகிறது. அந்த ‘வாஷ்’ சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. வெள்ளையடித்தல் போலப் பச்சையடித்தல். முடிந்தது.

நாகப்பட்டினம்

எங்கள் தெருவில் பச்சையடித்தால் எந்தக் கட்சிக்குச் சுவர் பிடிக்கிறீர்கள் என்பார்கள். அதோடு, அதில் பொய் எங்கே இருக்கிறது? ஃபோக்ஸ்வாகன் 2015இல் மாட்டியதே, சோதனையின்போது மட்டும் புகையை அடக்கிக் காட்டும் மென்பொருளை ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் ‘தூய டீசல்’ என்று விளம்பரம் செய்தார்கள். அது வெறும் பூச்சா?

தஞ்சாவூர்

பொய்தான் வேண்டுமென்றால் ‘பசப்பு’ இருக்கிறதே! பசு என்ற வேரிலிருந்து பசுமை, பச்சை, பாசி, பசலை. ‘சும்மா பசப்பாதே’ என்று இன்றும் வீட்டில் சொல்கிறோம். வள்ளுவர் பசப்புறுபருவரல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். காதலனைப் பிரிந்தவள் மேனியில் படரும் அந்தப் பசலையின் நிறம் பச்சையும் மஞ்சளும் கலந்தது. பிபி எண்ணெய் நிறுவனம் 2000இல் மாற்றிக்கொண்ட பூச்சின்னத்தைப் பாருங்கள்: அதே பச்சை, அதே மஞ்சள்! பத்தே ஆண்டில் மெக்சிகோ வளைகுடாவில் அவர்கள் கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். பைந்தமிழில் உள்ள ‘பை’யும் இதே பசுமைதான். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கும்பகோணம்

தனி மடல் வேண்டாம் ஐயா. பிரிவில் மேனியில் படர்வதும் ஆளை ஏய்ப்பதும் ஒரே வேர் என்பதற்குச் சான்று?

திருவாரூர்

வேர் கிடக்கட்டும். பசப்புக்காரி என்று பெண்களைத் திட்டித்தான் நான் கேட்டிருக்கிறேன். எண்ணெய்க் கம்பெனியைத் திட்டவும் அதுதான் கிடைத்ததா?

திருத்துறைப்பூண்டி

நான் வயல்காரன், இலக்கணம் தெரியாது. சம்பாவுக்கு யூரியாவை அள்ளி வீசினால் பயிர் கரும்பச்சையாக நிற்கும். ரோட்டில் போகிறவன் வாயைப் பிளப்பான். உள்ளே இலைச்சுருட்டுப் புழு இலையை மடித்துக்கொண்டிருக்கும். ஒரு மழைக்குச் சாய்ந்துவிடும். களத்தில் தூற்றினால் பதர் பறக்கும். யூரியாப் பச்சை என்று போடுங்களேன், எல்லாருக்கும் புரியும்.

தஞ்சாவூர்

அருமை. ஆனால் யூரியா தமிழில்லையே! உரப்பச்சை எனலாம். யாழ்ப்பாணத்தில் உரத்தைப் பசளை என்பார்கள். பாருங்கள், மறுபடியும் பசு!

மன்னார்குடி, வியாழன் நள்ளிரவு

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். ‘பசுமைப்பசப்பு’ என்று போட்டுவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் கிரீன்வாஷிங்கும் கூடவே. திருவாரூர் அம்மாவுக்கு உடன்பாடில்லை என்று தெரியும். அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

திருத்துறைப்பூண்டி

சரி தம்பி. அட்டைக்கு வயல் படம் கேட்டாயே, அனுப்பியிருக்கிறேன். என்னுடையது கொஞ்சம் வெளுத்துத்தான் நிற்கிறது, அதனால் பக்கத்து வயலை எடுத்தேன். அவன் இப்போதுதான் இன்னொரு மூட்டை யூரியா போட்டிருக்கிறான்.