ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு

காரைக்குடியில் பழைய வீடு. அடுப்படித் தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமென்ட் டைல். தீபாவளிக்கு மனகோலமும் அதிரசமும் சுட்டதிலிருந்து அடுப்பைச் சுற்றி எண்ணெய் படிந்து கால் வழுக்குகிறது. வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து தேய்த்தோம், மேலாகத்தான் போனது. ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசியும் பார்த்தாயிற்று. வினிகர், எலுமிச்சை பக்கமே போகவில்லை. சிமென்ட் கல், அமிலம் அரித்துவிடும். அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஒரு டீகிரீசர் ஸ்பிரே, சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடா) கலந்தது. கையுறை மாட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு மூலையில் மட்டும் அடித்தேன். எண்ணெய் கழன்றது, கூடவே பளபளப்பும் போனது. அதோடு பிளீச்சும் கலக்கச் சொன்னார் ஒருவர். நல்ல ஆள்!

பளபளப்பு மங்காமல் எண்ணெயை மட்டும் எடுக்க, இந்தக் கல்லுக்கு ஒத்துவரும் கிளீனர் எது?