ஜிம்மில் 110 கிலோ பென்ச் போகிறது, மேடையில் போகுமா?

காலிவீதிக்காரன்:
வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு ஜிம்மில் பயிற்சி செய்கிறேன். 83 கிலோ பிரிவில் முதல் தடவையாக பவர்லிஃப்டிங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், ஐபிஎஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம்) விதிப்படி நடக்கிற போட்டி. பென்ச் (வாங்கில் படுத்து, பாரை நெஞ்சுக்கு இறக்கி ஏற்றுவது) 110 போகும். என் வீடியோவைப் பார்த்த கூட்டாளி, "மச்சான், இது மேடையில் மூன்று நடுவரும் சிவப்பு லைட்தான், லிஃப்ட் செல்லாது" என்கிறான். பெருவிரலைச் சுற்றாமல் பிடிப்பேன், குதிக்கால் நிலத்தில் படாது, நெஞ்சில் பட்டவுடனே ஏற்றிவிடுவேன், முதுகையும் நல்லா வளைப்பேன். இதில் எதெல்லாம் உண்மையில் தடை?

தட்டு ஏற்றுபவர்:
தம்பி, முதுகு வளைவைத் தவிர எல்லாமே தடை. கூட்டாளிக்கு ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுங்கள்.

பெருவிரல் பாரைச் சுற்றியிருக்க வேண்டும். பாதம் முழுசாக நிலத்தில் பதிய வேண்டும்; வேறு சில சம்மேளனங்களில் குதிக்கால் எழும்பலாம், ஐபிஎஃப்பில் சரிவராது. தலை, தோள், பிட்டம் மூன்றும் கடைசி வரை வாங்கில் ஒட்டியிருக்க வேண்டும். பிட்டம் மயிரிழை எழும்பினாலும் பக்க நடுவரின் கண்ணுக்குத் தப்பாது.

நான் போட்டிகளில் மேடையில் தட்டு ஏற்றி இறக்குகிற ஆள். அங்கே நின்று பார்த்ததில், வலு காணாமல் தோற்றவர்களைவிடக் காது கொடுக்காமல் தோற்றவர்கள்தான் அதிகம். பாரை எடுத்து முழங்கையைப் பூட்டி அசையாமல் வைத்திருங்கள். தலைமை நடுவர் கையை இறக்கி 'ஸ்டார்ட்' என்ற பிறகுதான் பார் கீழே வரலாம். நெஞ்சில் அசைவு நின்றதும் 'பிரஸ்', அதாவது ஏற்று. ஏற்றிப் பூட்டி நிறுத்தியதும் 'ராக்', அதாவது தாங்கியில் வை. இந்தக் கடைசியில்தான் நல்ல பெடியன்கள் விழுவார்கள். பாரம் மேலே போன சந்தோஷத்தில் ஒரு சத்தம் போட்டு, பாரைத் தாங்கியில் போட்டுவிடுவார்கள். நடுவர் வாய் திறக்கவே இல்லை. போச்சு.

நெஞ்சில் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். விநாடிக் கணக்கு கிடையாது, அசைவு நிற்க வேண்டும், அவ்வளவுதான். தடாலென்று இறக்கினால் பார் நெஞ்சில் ஆடிக்கொண்டிருக்கும், அதுவரை 'பிரஸ்' வராது, உங்களுக்குக் கை நடுங்கத் தொடங்கும். அடக்கி இறக்குகிறவனுக்குச் சீக்கிரம் கிடைக்கும். கூட்டாளியைத் தலைமாட்டில் நிறுத்தி மூன்று கட்டளையையும் சொல்லச் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே இடைவெளியில் சொல்ல விடாதீர்கள்.

இன்னொன்று, பிடி அகலம். இரண்டு சுட்டுவிரலுக்கும் இடையில் 81 செ.மீ.தான் உச்சம். பவர்லிஃப்டிங் பாரில் வளையக் கோடு அந்த அளவில்தான் இருக்கும். ஒலிம்பிக் பளுதூக்கல் பாரில் அது 91 செ.மீ. இங்கே பல ஜிம்களில் எந்தப் பார் கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தையல்காரரின் அளவு நாடாவை ஒருநாள் கொண்டுபோய் அளந்து பாருங்கள்.

வளைவுப்பிரியன்:
வளைவு தடையில்லை என்று சும்மா சொல்லிவிடாதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து முழங்கை விதி இருக்கிறதே. முழங்கையின் அடிப்பக்கம் தோள்மூட்டின் மேற்பரப்பு அளவுக்காவது இறங்க வேண்டும். அகலப் பிடியும் பெரிய வளைவும் உள்ளவர்களுக்கு நெஞ்சில் பார் பட்டாலும் லிஃப்ட் செல்லாது. உடம்பு வளைகிறதற்காக ஒருவரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

தட்டு ஏற்றுபவர்:
உங்கள் கோபம் விளங்குகிறது, ஆனால் நான் விதியின் பக்கம். பார் ஒரு சாண் கூட நகராத லிஃப்டைப் பார்க்க வந்த சனத்துக்கு அது பென்ச் என்றே விளங்கவில்லை. தம்பி, உங்கள் வீடியோவை வாங்கின் உயரத்தில், பக்கவாட்டில் ஃபோனை வைத்து எடுங்கள். முழங்கை இறங்கவில்லை என்றால் வளைவில் கை வைக்காதீர்கள், பிடியை இரண்டு விரல் உள்ளே எடுங்கள்.

சிவப்பு லைட் வந்தால் கூடவே வருகிற கார்டின் நிறத்தையும் பாருங்கள். சிவப்புக் கார்டு என்றால் பார் நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ வரவில்லை அல்லது முழங்கை இறங்கவில்லை. நீலம் என்றால் ஏற்றும்போது பார் கீழே போயிருக்கிறது, இல்லாவிட்டால் கை முழுசாக நிமிரவில்லை. மஞ்சள் என்றால் கட்டளை, பாதம், பிட்டம் மாதிரி மற்ற எல்லாம். மஞ்சள் வாங்கினவன் அடுத்த முறை அதே கிலோவைப் பிழை திருத்திச் செய்தால் போதும். நிறத்தைப் பார்க்காமல் பதறித் திரிகிறவர்கள்தான் மூன்று முயற்சியையும் விடுவார்கள்.

குட்டைப்பெண்:
அண்ணா, எனக்கு உயரம் காணாது. வாங்கில் படுத்தால் பாதம் முழுசாகப் படவே படாது. நான் என்ன செய்வது?

தட்டு ஏற்றுபவர்:
தங்கச்சி, காலுக்குக் கட்டை வைக்க விதியே இடம் தருகிறது, மொத்த உயரம் 30 செ.மீ. வரை. சர்வதேசப் போட்டிகளில் நடத்துகிறவர்களே 5, 10, 20, 30 செ.மீ. கட்டைகள் வைத்திருக்க வேண்டும். எது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காலிவீதிக்காரன்:
நன்றி அண்ணா. முதல் முயற்சிக்கு 105 கொடுக்கலாமா?

தட்டு ஏற்றுபவர்:
நெஞ்சில் நிறுத்தி, கட்டளைக்கு ஏற்றி, எவ்வளவு போகிறது என்று முதலில் பாருங்கள். அதில் மூன்று தடவை சுலபமாகப் போகிற பாரத்தைக் கொடுங்கள், 90 என்றாலும் வெட்கமில்லை. அப்புறம், போட்டியில் பார் 20, கொலர் (தட்டு கழராமல் பூட்டுகிற வளையம்) இரண்டும் சேர்த்து 5, வெறும் பாரே 25 கிலோ. ஜிம்மில் கொலர் போடாமல் எண்ணிய கணக்கை அங்கே சொல்லிவிடாதீர்கள்.