பேக்-மேன் பெட்டியை அளந்து வரைபடம் போட்ட கதை

சிகாகோ பக்கம் இருக்கிறேன். ஜப்பானில் நாம்கோ கம்பெனி 1980-ல் கொண்டுவந்த பேக்-மேன் வீடியோ கேமை அமெரிக்காவில் செய்து விற்ற மிட்வே கம்பெனி இருந்த பிராங்க்ளின் பார்க், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். ஆட மட்டும் வேண்டுமென்றால் புரூக்ஃபீல்டில் கேலோப்பிங் கோஸ்ட் ஆர்கேட் என்ற வீடியோ கேம் கூடம் இருக்கிறது, வாசலில் ஒரு தடவை பணம் கட்டிவிட்டு நாள் முழுக்க ஆடலாம். ஆனால் எனக்கு, முன்னால் நின்று ஆடும் அந்த மஞ்சள் கேம் பெட்டியே வீட்டில் நிற்க வேண்டும். அசலை வாங்கிப் பிரிக்க மனசில்லை, அதனால் அதே அளவில் புதிதாகச் செய்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்து, அதைக் கணினியில் பெரிதாக்கி, மேலேயே கோடு இழுத்து வரைந்தேன். அட்டையில் வெட்டி நிறுத்தியதும் என்னவோ உறுத்தியது. கேமராவுக்கு எதிரே இருந்த நடுப்பகுதி சரியாக இருந்தது, மேலே போகப் போக உருவம் ஒடுங்கிவிட்டது. இந்தப் பெட்டிக்கு முகமே அந்தப் பக்கப் பலகையின் வளைவுதான். அது கால் அங்குலம் பிசகினாலும், சின்ன வயதில் அதன் முன்னால் நின்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அசலைத் தொட்டு அளக்காமல் வரையக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நண்பர் ஒருவரின் பேஸ்மென்ட்டில் அசல் பெட்டி ஒன்று இருந்தது. அவரே பக்கத்தில் நின்று, ஓரம் முழுக்க ஓடும் டி-மோல்டிங்கை (T வடிவ பிளாஸ்டிக் பட்டை, அதன் தண்டு பலகை விளிம்பில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், இறங்கி உட்காரும்) மெதுவாகக் கழற்றிக் கொடுத்தார். பின்கதவைத் திறக்க வேண்டியிருந்தது. பழைய 19 அங்குலப் பிக்சர் டியூப், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை உள்ளே வைத்திருக்கும், எனவே தெரிந்தவர் யாராவது கூட இல்லாமல் உள்ளே கை விட வேண்டாம்.

பக்கப் பலகையில் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்து விளிம்பைத் தேய்த்து உருவம் எடுத்தேன். அதிலும் ஒரு தப்பு நடந்தது. தரையைப் பூஜ்ஜியமாக வைத்து எல்லா உயரங்களையும் குறித்திருந்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு கோடும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. ஏதோ கடையில் பல வருஷம் ஈரத் துடைப்பம் பட்டுப் பட்டு அடி மூலை ஊறிப் பருத்திருக்கிறது! மறுபடி போய், பின்விளிம்பை ஆதாரக் கோடாக வைத்து அளந்தேன். ஈரம் ஏறாத, தொழிற்சாலையில் நேராக அறுத்த விளிம்பு அது ஒன்றுதான். இடது வலது இரண்டையும் தனித்தனியாக எடுத்து வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், சில இடங்களில் 1/16 அங்குலம் வித்தியாசம்.

எதை நம்புவது? வளைவுகளுக்கு இப்படிச் செய்தேன். வளைவின் இரு முனைகளையும் இணைக்கும் நாணை அளந்து, அதன் நடுவிலிருந்து வளைவு எவ்வளவு மேலே போகிறது என்பதையும் அளந்தால், ஆரம் கணக்கில் வந்துவிடும். நாணின் வர்க்கத்தை உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். நாண் 6, உயரம் 1 என்றால் 36-ஐ 8-ஆல் வகுத்து 4.5, அதோடு 0.5, ஆக ஆரம் 5 அங்குலம். முழு எண்ணையோ அரையையோ ஒட்டி விடை வந்தால் அதையே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் முதலில் வரைந்தவரும் காம்பஸில் அப்படி ஒரு எண்ணைத்தான் வைத்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

அப்புறம் பலகையின் கனம். இங்கே கடையில் முக்கால் அங்குலம் என்று விற்கும் பிளைவுட் பெரும்பாலும் 23/32 அங்குலம்தான் இருக்கும். நான் வரைபடத்தில் எல்லாக் காடிகளையும் முக்கால் என்று போட்டுவிட்டதால் மானிட்டர் தட்டு லொடலொடவென்று ஆடியது, ஒரு முழுப் பலகை வீண். இப்போது எந்தப் பலகை வாங்கினாலும் காலிப்பரில் அளந்த பிறகுதான் வரைபடத்தில் கனத்தை நிரப்புகிறேன். இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவே உள்ள உள் அகலத்தை மட்டும் மாற்றுவதில்லை. மேலே எரியும் பெயர்ப் பலகை, திரைக்கு முன்னால் உள்ள கண்ணாடி, ஜாய்ஸ்டிக் இருக்கும் இரும்புத் தகடு எல்லாம் அந்த உள் அகலத்துக்குத்தான் வருகின்றன. வெளி அகலம் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடிக் குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

உங்களில் யாராவது ஊரில் வைத்துச் செய்திருக்கிறீர்களா? எழுதுங்கள்.

*

கோயம்புத்தூரில் செய்தேன் அண்ணா. எனக்கு அசல் பெட்டி கிடைக்கவில்லை, வெளிநாட்டில் ஒருவர் அளந்து போட்ட வரைபடத்தை வைத்துத்தான் ஆரம்பித்தேன். எல்லா அளவும் புள்ளி போட்ட அங்குலத்தில் இருந்தது. ஆசாரி பார்த்துவிட்டு, "பாயிண்ட் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி, நூல் கணக்குல எழுதிக் குடுங்க" என்றார். உட்கார்ந்து முழு வரைபடத்தையும் அங்குலத்துக்கு 8 நூல் என்று மாற்றினேன், அரை நூல் வரைக்கும் குறித்தேன். அதற்கப்புறமும் வளைவுகளில் தகராறு வந்தது. கடைசியில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் நிஜ அளவிலேயே பிரிண்ட் எடுத்து, 6 மி.மீ. பிளைவுட்டில் ஒட்டி ஒரு அச்சு வெட்டினோம். அந்த அச்சை வைத்து ஆசாரி, மரம் செதுக்கும் ரவுட்டர் மெஷினை ஓட்டியதும் இரண்டு பக்கமும் ஒன்று போலவே வந்தது. அவர் கைக்கு என்ன கூலி கொடுத்தாலும் தகும்.

இன்னொன்று. இங்கே கிடைப்பது 18 மி.மீ. பலகை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த முக்கால் அங்குல டி-மோல்டிங் 19 மி.மீ. ஓரம் பிதுங்கிக்கொண்டு நின்றது, கை பட்டால் உறுத்தும். வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா ஒட்டியதும் கனம் சரியாகிவிட்டது. மைக்கா ஒட்டின பிறகுதான் காடி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் காடி நடுவில் வராது. என் முதல் பலகையில் அப்படித்தான் ஆனது.

ஜாய்ஸ்டிக் தகடு எத்தனை டிகிரி சாய்வு என்று உங்கள் வரைபடத்தில் இருக்கிறதா? என்னுடையதில் மணிக்கட்டு வலிக்கிறது.

*

தம்பி, மைக்கா யோசனை அருமை, எனக்கு இது தோன்றவே இல்லை. நிஜ அளவு அச்சையும் அடுத்த பெட்டிக்குச் செய்கிறேன். சாய்வைக் காகிதத்திலிருந்துதான் எடுத்தேன், அது போதாது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த நண்பர் வீட்டுக்குப் போகிறேன், டிஜிட்டல் கோணமானியைத் தகட்டின் மேலேயே வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதற்குள் உன் பெட்டியில் தரையிலிருந்து தகட்டின் முன் விளிம்பு எவ்வளவு உயரம் என்று அளந்து வை. வலி சாய்வால் வருகிறதா உயரத்தால் வருகிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.