சிங்கப்பூர்ல தமிழ் முரசு பத்திரிகைய ஆரம்பிச்ச கோ.சாரங்கபாணிய, அதான் நம்ம கோ.சா.வ, நேர்ல பார்த்தவங்க உங்க வீட்ல யாராச்சும் இருக்காங்களா?

தேக்கா பேரன்:
எங்க தாத்தா பார்த்திருக்காரு, பேசினதில்ல. தமிழர் திருநாள் கூட்டத்துல தூரத்துல நின்னு பார்த்ததோட சரி, கிட்ட போய் வணக்கம் சொல்லக்கூட கூச்சமாம். ஆனா பேப்பரப் பத்தி கேட்டா நிறுத்தவே மாட்டாரு, ஏன்னா தாத்தாவும் ஒரு சின்ன அச்சகத்துல எழுத்துக் கோத்தவரு. வெள்ளைக்காரனுக்கு 26 எழுத்து, நமக்கு 247, ஒவ்வொரு ஈய எழுத்தா பொறுக்கணும், அதுவும் கண்ணாடியில தெரியிற மாதிரி திரும்பியிருக்கும், கையெல்லாம் மையி. "ஒரு கல்யாணப் பத்திரிகைக்கே எங்களுக்கு அரை நாள் ஓடிரும், அந்த மனுசன் தினம் ஒரு பேப்பர் போட்டாருடா"ன்னுவாரு. கோ.சா. திருவாரூர்லேர்ந்து 1924ல சிங்கப்பூருக்கு வந்தவரு, 1935ல ஒரு காசுக்கு வாரப் பத்திரிகையா வந்த தமிழ் முரசு 1937லயே நாளிதழ் ஆயிருச்சு. ஒரு காசுக்கு வித்தா மைக்குக் கூட காணாதுன்னு தாத்தா இன்னும் கணக்கு போடுறாரு லா. 1963ல முரசுல வேலைநிறுத்தம் நடந்துச்சே, நீங்க யாரு பக்கம் தாத்தான்னு ஒரு தடவ கேட்டேன், கோப்பி ஆறிப்போச்சுன்னு எழுந்து போயிட்டாரு.

ஜூரோங் அக்கா:
எங்க அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1957ல குடியுரிமைச் சட்டம் வந்தப்ப பதிஞ்சுக்கோங்க பதிஞ்சுக்கோங்கன்னு முரசுல வருமாம், கோப்பிக்கடையில ஒருத்தர் சத்தமா வாசிக்க இவங்க கேட்டுட்டு வந்து ஊருக்குத் திரும்பிப் போற நெனப்புல இருந்த எங்க தாத்தாவ புடிச்சு இழுத்துட்டு போயி பதிய வச்சாங்களாம். இல்லன்னா நான் இப்ப எங்க இருந்து டைப் பண்ணிட்டு இருப்பேனோ.

மணி சித்தப்பா:
என்னோட பெரியம்மா கவிதை மாணவர் மணிமன்றத்துல வந்துச்சு, அதான் முரசுல பசங்க எழுதுறதுக்குன்னே கோ.சா. ஒதுக்கின பக்கம். எட்டே வரி. அந்த கட்டிங் பிஸ்கட் டின்ல பாஸ்புக்கோட கெடக்குது, ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிருது. போன தீபாவளிக்கு எம் பொண்ணுகிட்ட காட்டினேன், தும்பிக்கை வச்ச பழைய 'லை'யப் பார்த்துட்டு இது என்ன பாஷைப்பான்னு கேட்டா. பெரியம்மா டின்ன வாங்கி மூடி உள்ள வச்சிட்டாங்க, அப்புறம் அவங்களே மறுபடி எடுத்து அவளுக்கு ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு படிச்சுக் காட்டினாங்க.