நிறவெறியைத் தலைகீழாக்கும் இளையோர் நாவல்கள்: படித்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். கறுப்பர்கள் ஆள, வெள்ளையர்கள் ஒடுக்கப்படும் கற்பனை உலகக் கதைகளைப் பற்றிப் பதின்வயதுப் பிள்ளைகளோடு பேசப்போகிறோம்.

மலோரி பிளாக்மனின் 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்' (2001) எனக்குப் பிடித்தது. அதில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் காயத்தில் அடர்பழுப்பு பிளாஸ்திரி துருத்திக்கொண்டு தெரியும். அவள் நிறத்துக்கு யாரும் பிளாஸ்திரி செய்வதே இல்லை! பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதை அந்த ஒரு துண்டு சொல்லிவிடுகிறது.

விக்டோரியா ஃபாய்ட்டின் 'சேவ் தி பேர்ல்ஸ்' (2012) விஷயம் வேறு. அதில் வெள்ளையர்கள் 'முத்து', கறுப்பர்கள் 'நிலக்கரி'. ஒடுக்கப்படுபவர்களுக்கு வைக்கிற பெயரா முத்து? போதாததற்கு, கறுப்பர்களைக் கேலி செய்ய அந்தக்கால மேடைகளில் வெள்ளையர்கள் செய்ததுபோல, வெள்ளைக்காரக் கதாநாயகி தோலில் கறுப்புச் சாயம் பூசிக்கொள்கிறாள். முதல் அத்தியாயத்தை வெளியிடுவதாக இருந்த 'வியர்ட் டேல்ஸ்' இதழ், வாசகர்கள் கொதித்ததும் பின்வாங்கிவிட்டது.

இரண்டையும் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த இடத்தில் உங்களுக்கு உறுத்தியது? இரண்டாவது நூலை முழுசாகப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா, இல்லை சில பக்கங்கள் போதுமா? அப்புறம், பதின்வயதினரே எழுதிய விமர்சனங்கள் கண்ணில் பட்டிருந்தால் சுட்டி தாருங்கள். படிக்காமலே திட்டியவை ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன.