தோய்ச்சலில் ஒரே பக்கம் வளையும் 1084 எஃகுக் கத்தி

ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில், வீட்டுக் கொட்டகையில் ஓய்வு நேரங்களில் கொல்லு வேலை செய்து வருகிறேன். மே மாதத்திலிருந்து அடித்த ஐந்து சமையல் கத்திகளில் நான்கு, எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்தவுடன் (எஃகு கடினமாகும்படி, சூடான அலகைச் சட்டென முக்கிக் குளிரவைத்தவுடன்) நுனியிலிருந்து பாதி அலகு வரை இடப்புறமாகவே வளைந்துவிட்டன. ஐந்தாவது தப்பியதற்கு என் திறமை காரணமல்ல என்றே நினைக்கிறேன்.

எஃகு 1084 என்ற உயர் கார்பன் வகை, கனம் 3 மி.மீ., அலகின் நீளம் 200 மி.மீ. ஒற்றைப் பர்னர் கொண்ட எரிவாயு உலையில், காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டிச் சற்றே கூடுதலாகச் சூடேற்றி, 55 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சிய கனோலா எண்ணெயில் நுனி முதலாக நேர்க்குத்தாக இறக்குகிறேன். அரம் வழுக்குகிறது, விரிசலும் இல்லை. எனவே கடினமாவதில் குறையில்லை.

வளைவைத் தவிர்க்க, தோய்ச்சலுக்கு முன் மூன்று முறை சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டேன், வெட்டும் வாய்ப்பகுதியை 1.5 மி.மீ. கனத்தோடு நிறுத்தி, இருபுறமும் சம அளவில் அரைத்தும் பார்த்தேன். பிறகு, நொறுங்கும் தன்மையைக் குறைக்க 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் பதப்படுத்தும்போது, கோண இரும்பில் எதிர்ப்பக்கமாக வளைத்து இறுக்கியதில் பாதி வளைவுதான் நிமிர்ந்தது.

பர்னரின் சுவாலை அலகின் ஒரு பக்கத்தில் மட்டும் நேரடியாகப் படுகிறது என்பதால், உலைக்குள் இரும்புக் குழாய் ஒன்றை வைத்து அதனுள் அலகைச் சூடேற்றினால் இந்த வளைவு நிற்குமா?