அய்யாவாடி வத்தல் யாகம் போனவங்க சொல்லுங்களேன்

சேலத்து மகன்:
வணக்கம். எங்க வீட்ல பங்காளி சண்டை நாலு வருஷமா ஓடுது, வரப்புல ஆரம்பிச்சு இப்ப கோர்ட்ல நிக்குது, அம்மாவுக்கு சரியா தூக்கமே இல்ல. இந்த அமாவாசைக்கு கும்பகோணம் பக்கத்துல அய்யாவாடி பிரத்யங்கிரா அம்மன் கோயிலுக்கு போயே ஆகணும்ங்கறாங்க, எதிரி தொல்லை தீர அங்க மிளகாய் வத்தல் போட்டு யாகம் பண்ணுவாங்களாம். எனக்கு ஒரு உறுத்தல், எதிர்ல நிக்கறது எங்க சித்தப்பா. சின்ன வயசுல என்னை தோள்ல தூக்கிட்டு தேர் காட்டினவரு. யாகத்துல உக்காந்தா அவருக்கு ஏதாவது ஆயிடுமா?

குடந்தை வாசி:
பயப்படாம போங்க தம்பி. நான் பல அமாவாசை போயிருக்கேன், சங்கல்பத்துல நம்ம பேரு நட்சத்திரம்தான் சொன்னேன், எதிரி பேரை என்கிட்ட யாரும் கேட்டதில்ல. நிகும்பலா யாகம்னு சொல்லுவாங்க, ராமாயணத்துல இந்திரஜித் ஜெயிக்கறதுக்காக பண்ண ஆரம்பிச்சு லட்சுமணன் வந்து நடுவுல கலைச்ச அதே யாகம். வீட்ல ரெண்டு வத்தல் கருகுனா தெருவே இருமும், அங்க மூட்டை மூட்டையா கொட்டறாங்க, பக்கத்துல நின்னும் எனக்கு நெடி ஏறல, கண்ணு கலங்குனது அம்மனோட சிங்க முகத்த பாத்துதான். உப்பிலியப்பன் கோயில் தாண்டி கொஞ்ச தூரம். கூட்டம் நெரியும், அம்மாவுக்கு விசிறி எடுத்துக்கங்க. வர்ற வழில திருபுவனம் சரபேஸ்வரரையும் பாத்துடுங்க, பறவையும் மிருகமும் கலந்த சிவன் உருவம், அவரோட ஒரு இறக்கையே பிரத்யங்கிராதான், இன்னொண்ணு சூலினி துர்க்கை.

கொங்கு பொண்ணு:
எங்க பக்கம் ஆனைமலை மாசாணியம்மன்ங்க. நகை திருடு போனப்ப எங்க அம்மத்தா அங்க நியாயம் கேட்டு மிளகாய் அரைச்சு நீதிக்கல்லுல பூசுனாங்க, அன்னைக்கு ராத்திரி பூரா கைய மோர்ல வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. நகை கிடைச்சதும் முதல் வேலையா போய் எண்ணெய்க்காப்பு செஞ்சாங்க, ஆத்தாளுக்கு எரியுமேன்னு.

வைகைக்கரை:
மடப்புரம் காளி கோயில்ல காசு வெட்டிப் போடுவாங்க, அது வேற விஷயம், அங்க நேரா ஒருத்தர் மேல அம்மாகிட்ட வழக்கு வைக்கிறோம். நம்ம பக்கம் துளி பொய் இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீங்க. ரத்த சொந்தத்துக்கு வேண்டவே வேண்டாம் தம்பி, அய்யாவாடியே போதும்.

சேலத்து மகன்:
ரொம்ப நன்றி. அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் சித்தப்பா நட்சத்திரம் என்னன்னு கேட்டாங்க. அண்ணே, வத்தல் காம்போட குடுக்கலாமா, இல்ல கிள்ளிட்டு எடுத்துட்டு வரணுமா?